நீலத்துக்கே பத்து

“சட்டம் முழுக்க எனக்கு மனப்பாடம் டீச்சர். அப்புறமும் எதுக்கு என்னை மட்டும் வேணாங்கிறீங்க?”

சவரிமுத்து கேட்டும் மெகருன்னிசா டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பையனின் கிளவுஸ் கயிற்றில் சிக்கு விழுந்திருந்தது. அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பொன்மலைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற குத்துச்சண்டைக் கூடம் அது. ஜட்ஜ் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கே மெகர் டீச்சர்தான் குரு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வெளிநாடுகளில் நடக்கிற போட்டிகளுக்கெல்லாம் போய், ரிங்கைச் சுற்றிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவார். பேச்சு மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் போலத்தான் வரும்.

சிஷ்யர் குருவைவிட மூத்தவர். ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஒரு காலத்தில் நாட்டுக்காகச் சண்டை போட்டவர். இப்போது கோபம் வந்தால் மட்டும்தான் அந்தப் பழைய ஆள் வெளியே வருவார். கோபம் அவருக்கு நாள் தவறாமல் வரும்.

“கேக்குறது காதுல விழுதா டீச்சர்?”

“விழுதுண்ணே.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை மாநிலப் போட்டி. அஞ்சு நாற்காலி. நாலுக்கு ஆள் போட்டாச்சு. அஞ்சாவது காலியா கெடக்கு. நீங்க தலையாட்டினாப் போதும்.”

“ஆமா.”

“எனக்கு ஆடி வந்தா அம்பது. அதுக்கு மேல புது ஆளை எடுக்க மாட்டாங்க. இப்ப விட்டா எப்பவும் இல்ல.”

“தெரியும்.”

“அப்புறம் என்னதான் உங்க பிரச்சனை?”

கயிறு அவிழ்ந்தது. டீச்சர் நிமிர்ந்தார்.

“சட்டத்தைச் சொல்லுங்க.”

கேட்டதுதான் தாமதம், சவரிமுத்து மடை திறந்தார்.

“மொதல்ல பேப்பர்ல மார்க். சியோல் ஒலிம்பிக்ல ஒரு தீர்ப்பைப் பாத்து உலகமே வாயில கைய வச்சுது. அதனால மெஷின் வந்துச்சு. ஜட்ஜ் கையில ரெண்டு பட்டன். சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. குத்து விழுந்தா அமுக்கணும். அஞ்சு பேர்ல மூணு பேர் ஒரே செகண்டுக்குள்ள அமுக்கினாத்தான் புள்ளி. அதுவும் சரிப்படலைன்னு தூக்கிட்டாங்க. இப்ப ரவுண்டு ஜெயிச்சவனுக்குப் பத்து, தோத்தவனுக்கு ஒம்போதோ எட்டோ. மூணு நிமிஷ ரவுண்டை ரெண்டு நிமிஷமா ஆக்கினாங்க. திரும்ப மூணுக்கே வந்தாங்க. ஆம்பளைங்களுக்குத் தலைக்கவசம் மாட்டச் சொன்னாங்க, அப்புறம் கழட்டச் சொன்னாங்க. பொம்பளைங்களை ஒலிம்பிக்ல லண்டன்லதான் உள்ள விட்டாங்க...”

“மூச்சு விடுங்கண்ணே.”

“தப்பு இருந்தா சொல்லுங்க.”

“தப்பு இல்ல.”

“அப்புறம்?”

“அந்த நாற்காலியில உக்காருங்க.”

ரிங்குக்குள் இரண்டு பையன்கள் ஏறினார்கள். ஒருவன் நெட்டை, நீல பனியன். இன்னொருவன் குட்டை, சிவப்பு பனியன்.

சவரிமுத்து ரிங்கைப் பார்த்து உட்கார்ந்தார். டீச்சர் இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு, ரிங்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“டீச்சர், ரிங் உங்களுக்குப் பின்னாடி இருக்கு.”

“தெரியும்.”

“சண்டை அங்க நடக்குது.”

“தெரியும்ணே.”

பெல் அடித்தது. மூன்று நிமிஷமும் டீச்சர் சவரிமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட யாரும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. எரிச்சலாக வந்தது.

“சொல்லுங்க.”

“நீலத்துக்குப் பத்து. நெட்டையன் தூரத்தை வச்சு அழகா ஆடினான். நேர் குத்து ஒவ்வொண்ணும் சுத்தம். குட்டையன் சும்மா முட்டிக்கிட்டு உள்ள வந்தான்.”

“சரி. டீ குடிச்சிட்டு வாங்க.”

சவரிமுத்து டீ குடித்துவிட்டு வந்தார். அதே பையன்கள் நின்றார்கள். பனியனை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது குட்டையன் நீலம்.

டீச்சர் மறுபடி ரிங்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பெல் அடித்து ஓய்ந்தது.

“சொல்லுங்க.”

“நீலத்துக்குப் பத்து. அவன் உள்ள நுழைஞ்சு உடம்புல குடுத்தான் பாருங்க, அதுக்குப் பேர்தான் பாக்ஸிங். நெட்டையன் ஓடிக்கிட்டே இருந்தான். தூரமா நின்னு தொட்டுத் தொட்டுப் பாத்தா அது குத்தா...”

பாதியில் நிறுத்தினார்.

ரிங்குக்குள் பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

“வேணும்னே மாட்டி விடுறீங்க டீச்சர்.”

“நீலம் அடி வாங்குறப்பல்லாம் நீங்க கண்ணை மூடுறீங்கண்ணே.”

“யாரு, நானா?”

“தலை இடது பக்கமா ஒதுங்குது. ரெண்டு தடவையும்.”

“அது பழக்கம். இத்தனை வருஷம் ஆடின உடம்பு. குத்து வந்தா தானா ஒதுங்கும்.”

“குத்து யாருக்கு வந்துச்சு?”

“நீலத்துக்கு.”

“நீங்க ஏன் ஒதுங்குறீங்க?”

சவரிமுத்து அண்ணாந்து பார்த்தார். விளக்கால் கண் கூசுகிறது என்றார். நாற்காலி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

டீச்சர் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

*

வீட்டுக்குப் போனதும் சவரிமுத்து சட்டையைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தார். ஏதோ ஒரு நாட்டின் குத்துச்சண்டை. கண்ணை மூடவே கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டார். இமைக்காமல் பார்த்ததில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

அவர் மனைவி பிரான்சிஸ்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாரு செத்தது?”

“பேசாம இரு. பயிற்சி எடுக்குறேன்.”

“அழுறதுக்கா?”

“கண்ணை மூடாம இருக்கிறதுக்கு.”

“உங்களைத் தோக்கடிச்ச அந்த மங்கோலியாக்காரன் நெனப்பு வந்துருச்சா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அவனோடதான் குடும்பம் நடத்துறீங்க. அவனையே சோறும் ஆக்கிப் போடச் சொல்லுங்க.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் கூடத்தில் சவரிமுத்து கண்ணை அகல விரித்து உட்கார்ந்தார். கழுத்தைச் சுவரில் அடித்த ஆணி போல விறைப்பாக வைத்துக்கொண்டார். பெல் அடித்ததும் சொன்னார்.

“சிவப்புக்குப் பத்து.”

அடுத்த ரவுண்டு. “சிவப்புக்குப் பத்து.”

அடுத்த ஜோடி. “சிவப்பு.”

“இன்னைக்கு என்ன சிவப்பு மேல திடீர்னு பாசம்?” என்றார் டீச்சர்.

“நீலம் நீலம்னு சொன்னா தப்புன்னீங்க.”

“நான் எங்க சொன்னேன்?”

“சொல்லாம சொன்னீங்க.”

“கடைசி ரவுண்டுல சிவப்பு எத்தனை தடவை கீழ விழுந்தான்?”

சவரிமுத்து முழித்தார். சிவப்பு விழுந்ததையே அவர் பார்க்கவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்திருப்பதிலேயே கவனம் போயிருந்தது.

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அல்லாவே” என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் சவரிமுத்துவுக்கு கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“போதும் டீச்சர். உங்களுக்கு ஏமாந்தவன் வலி தெரியாது.”

“சொல்லுங்க.”

“என்ன சொல்லுங்க? பாங்காக்ல இருபத்தோரு வயசுல நாட்டுக்காக நின்னேன். எதிர்ல ஒரு மங்கோலியாக்காரன். மூணாவது ரவுண்டுல நாலு குத்து வச்சேன். நாலும் அவன் மூஞ்சியில. மெஷின்ல ஒண்ணுகூட ஏறல. அஞ்சு பேரும் அமுக்கினாங்களாம், ஒரே செகண்டுல அமுக்கலையாம். ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி. ஒரே ஒரு புள்ளியில தோத்தேன். என் குத்து காத்துல போயிருச்சு டீச்சர். நாலு குத்தும் கண்ணால பாத்தது. யாரு கிட்ட போய்ச் சொல்ல?”

காற்றில் ஒரு குத்து விட்டுக் காட்டினார்.

“அன்னைக்கு நீலம் போட்டிருந்தீங்களா?” என்றார் டீச்சர்.

“ஆமா.”

டீச்சர் தள்ளிக் கிடந்த நாற்காலியை இழுத்து நேராக வைத்தார்.

“அதனாலதான் கேக்குறேன். இனிமே எந்தப் பையனும் என்னை மாதிரி ஏமாறக் கூடாது. அந்த நாற்காலி எனக்கு வேணும். பதவிக்கு அலையுறேன்னு நெனைக்காதீங்க.”

“நெனைக்கல.”

“உங்களுக்கு எல்லாம் சுலபமாக் கெடைச்சிருச்சு. அதான் புரியல.”

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

“நான் நல்லா ஆடின காலத்துல ஒலிம்பிக்ல பொம்பளைங்களுக்கு ரிங்கே கிடையாதுண்ணே. கதவு தெறந்தப்ப எனக்கு முட்டி போயிருச்சு. உங்களுக்குத் தப்பா மார்க் போட அஞ்சு பேர் இருந்தாங்க. எனக்கு அதுகூட இல்ல.”

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. லண்டனைப் பற்றி அவ்வளவு அழகாக ஒப்பித்தோமே, எதிரில் யார் இருக்கிறார் என்று ஒரு நொடி யோசிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

“கோபம் வராதா டீச்சர்?”

“வரும்.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“பெல் அடிச்சா ரிங்கைப் பாப்பேன்.”

இதெல்லாம் ஒரு பதிலா என்று சவரிமுத்துவுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அந்தச் சண்டையை யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா?” என்றார் டீச்சர்.

“கேசட் இருக்கு. என் மக அதைப் பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்திருக்கா.”

“சனிக்கிழமை ஸ்கூலுக்கு எடுத்துட்டு வாங்க. அதுக்கு மார்க் போடுங்க. அப்புறம் நாற்காலியைப் பத்திப் பேசலாம்.”

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தார். உலகத்தில் எந்தச் சண்டைக்கு மார்க் போடத் தெரியாவிட்டாலும் அந்தச் சண்டைக்கு அவருக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

*

சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. வகுப்பறைச் சுவரில் பெரிய டிவி மாட்டியிருந்தது. சவரிமுத்து பென் டிரைவைச் செருகிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

“ரெண்டே நிமிஷம் டீச்சர். அந்த நாலு குத்து எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நேரா அங்க போயிரலாம்.”

“மொதல்லேருந்து பாக்கலாம்.”

“மொதல்ல ஒண்ணும் இல்ல. நானே பாத்ததில்ல. அந்த நாலு குத்தை மட்டும்தான் போட்டுப் போட்டுப் பாப்பேன். முடிவு சொல்றதுக்கு முன்னாடி நிறுத்திருவேன். வயிறு எரியும்.”

டீச்சர் ரிமோட்டை எடுத்தார். எதையோ அழுத்தினார். டிவியில் இருந்த நிறமெல்லாம் வடிந்து போய்க் கறுப்பு வெள்ளை ஆனது.

“என்ன டீச்சர் இது?”

“நெறம் எதுக்கு? சண்டையைத்தானே பாக்கப் போறோம்.”

“நீலம் எது, சிவப்பு எதுன்னு தெரிய வேணாமா?”

“உங்களை உங்களுக்குத் தெரியாதா?”

“ஏன் தெரியாம?”

சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டார். தன்னைத் தனக்குத் தெரியாதாம். நல்ல கூத்து.

வீடியோ ஓடத் தொடங்கியது. காப்பிக்குக் காப்பி எடுத்து நைந்து போன படம். முகங்கள் மாவு அப்பியது போல இருந்தன. இரண்டு பேரும் ஒரே எடை, ஒரே உயரம். இரண்டு பேர் தலையிலும் கன்னம் வரை மூடும் கவசம். இரண்டு பனியனும் சாம்பல் நிறம். அறிவிப்பாளர் என்னவோ சொன்னார். சவரிமுத்து அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

“இடது பக்கம் நிக்கிறது நான்,” என்றார்.

“சரி.”

முதல் ரவுண்டு முழுக்க விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். “பாருங்க கால் வேலையை. பாருங்க.” டீச்சர் ‘ம்’ கொட்டினார்.

இரண்டாவது ரவுண்டில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். நடுவர் பிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கேமரா எதிர்ப் பக்கத்துக்கு மாறியது. சவரிமுத்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அந்தா, அதான் நான்.”

நன்றாகத்தான் ஆடினான் அந்தப் பையன். தோளைக் குலுக்கி ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்தான். வலது கையை முழு பலத்தோடு வீசினான். எதிராளி முழங்கையை மடக்கித் தடுத்தான். குத்து நேராக முழங்கை எலும்பில் போய் விழுந்தது.

பையனின் உடம்பு ஒரு கணம் சுருங்கியது.

பெஞ்சில் சவரிமுத்துவின் உடம்பும் சுருங்கியது.

“கை போச்சு,” என்றார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“கை போச்சு டீச்சர். அந்த மாதிரி எலும்புல பட்டா உள்ளங்கை உடைஞ்சிரும். பாருங்க, அதுக்கப்புறம் வலது கையைத் தூக்கவே இல்ல. தாடைக்குக் கீழ வச்சிருக்கான். சும்மா வீசுற மாதிரி காட்டுறான், வீசல.”

ரவுண்டு முடிந்தது. பையன் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தான். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்ற கோச் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார். பையன் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். ரிங் டாக்டர் எட்டிப் பார்த்தார். பையன் தலையை ஆட்டி என்னவோ சொன்னான்.

“மறைக்கிறான்,” என்றார் சவரிமுத்து. “டாக்டர் பாத்தா அங்கயே நிறுத்திருவாங்க. தோத்ததா ஆயிரும். கோச்சுகிட்டகூடச் சொல்லல. எந்த ஊர்லயோ வந்து, ஒத்த ஆளா, உடைஞ்ச கையோட... பாவி.”

மூன்றாவது ரவுண்டுக்குப் பெல் அடித்தது.

பையன் ஒற்றைக் கையால் ஆடினான். இடது கை மட்டும். குத்தினான், நகர்ந்தான், குத்தினான். எதிராளி அவனைக் கயிற்றுக்குத் தள்ளி நான்கு குத்து வைத்தான். நான்கும் முகத்தில். சவரிமுத்துவின் தலை நான்கு தடவை இடது பக்கம் ஒதுங்கியது. பையன் விழவில்லை. இடது கையால் திருப்பிக் கொடுத்தான். சவரிமுத்து பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார்.

“விடாதடா! விடாத! இடது கையாலயே குடு!”

வகுப்பறையில் எதிரொலித்தது.

அப்புறம் அப்படியே நின்றார்.

தன் வலது கையை எடுத்துப் பார்த்தார். விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

“டீச்சர்.”

“ம்.”

“எனக்கு அன்னைக்குக் கையில அடிபடல.”

டீச்சர் ரிமோட்டை அழுத்தினார். நிறம் வந்தது.

கயிற்றோரம் ஒற்றைக் கையால் ஆடிக்கொண்டிருந்த பையன் சிவப்பு பனியன் போட்டிருந்தான். அந்த நாலு குத்தையும் வைத்தவன் நீலம்.

சவரிமுத்து பெஞ்சில் உட்காரவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. கடைசி பெல் அடித்தது. நடுவர் இரண்டு பேரையும் நடுவில் நிறுத்தினார். சிவப்பின் வலது கையைப் பிடித்து உயரே தூக்கினார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

திரையில் நீல பனியன் போட்ட சவரிமுத்து கயிற்றுக்கு அடியில் குனிந்து இறங்கிப் போய்விட்டார். கை கொடுக்கவில்லை. அவருடைய கோச்சும் வாளியை அங்கேயே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

சண்டை முடிந்ததும் எதிர் மூலைக்குப் போய்க் கை கொடுத்துவிட்டு வருவது வழக்கம். சிவப்பு பையன் நீல மூலைக்கு நடந்து வந்தான். அங்கே வாளி மட்டும் இருந்தது. இடது கையை நீட்டியபடி நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். யாராவது வருவார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கையை மடக்கவில்லை.

அப்புறம் காலியாக இருந்த அந்த மூலையைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

படம் முடிந்தது. டிவியில் வெறும் நீலத்திரை நின்றது.

வெளியே ரயில் ஒன்று போயிற்று. சவரிமுத்து முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

“மறுபடி போடுங்க டீச்சர்.”

“நாலு குத்தா?”

“இல்ல. மொதல்லேருந்து.”

“எதுக்கு?”

“ஆரம்பத்துல அவன் பேரைச் சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல.”

டீச்சர் போட்டார். அறிவிப்பாளரின் குரல் கரகரவென்று வந்தது. சவரிமுத்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டார். கூட்டத்தின் இரைச்சலில் பெயர் பாதிதான் பிடிபட்டது. பின்னால் தள்ளி மறுபடி போடச் சொன்னார்.

“கன்போல்ட்,” என்றார் மெதுவாக. “கன்போல்ட். சரியா டீச்சர்?”

“சரி.”

டீச்சர் ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

“நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்குப் போட்டி. சீக்கிரம் வந்துருங்கண்ணே. அஞ்சாவது நாற்காலி உங்களுக்கு.”

சவரிமுத்து திகைத்துப் போய்த் திரும்பினார்.

“நான் இன்னும் மார்க்கே போடலையே டீச்சர்?”

“ஆமா. அவன் பேரைத்தானே கேட்டீங்க,” என்றார் மெகர்.